பின்னாடி அமுக்கு

எதிர்க் கட்டடத்தின் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு ஓட்டைகள் இருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றில் ஓர் உழவாரக் குருவி குஞ்சு பொரித்திருந்தது. எந்த ஓட்டை என்பதில்தான் தகராறு.

"ரெண்டாவது" என்றாள் அவசரம்.

"மூணாவது" என்றான் அண்ணன்.

அப்பா நான்காவது என்றார். துணி காயப்போட பால்கனிக்கு வந்த அம்மா, யாரும் கேட்காமலேயே முதலாவது என்று சொல்லிவிட்டு, வாளியோடு உள்ளே போய்விட்டார்.

அவசரம் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. மருத்துவர் சொன்ன தேதிவரை பொறுக்காமல் முன்னாலேயே வந்து பிறந்தவள். சட்டைக்கு ஒரு பொத்தானை மாட்டிக்கொண்டு மீதியைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் மாட்டுகிறவள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் அவசரம்தான். 'அவசரப்படாதே அவசரம்' என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதே புளித்துப் போயிருந்தது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலையில் கொத்தனார் வந்து, கயிறு கட்டிய பலகையில் மாடியிலிருந்து இறங்கி, ஆறு ஓட்டைகளையும் பூசி அடைக்கப்போகிறார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவர் ஊறுகிறதாம்.

அவசரம் மேலாளரிடம் ஓடினாள். அந்த இரண்டு கட்டடங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. கெட்டவர் இல்லை. ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர்.

"ஆறையும் திறந்து விட முடியாது பாப்பா. எந்த ஓட்டைன்னு காட்டு, அதை மட்டும் விட்டுடச் சொல்றேன். குஞ்சு பறந்த பிறகு அடைச்சுக்கலாம்."

கொத்தனார் கையை உள்ளே விட்டுப் பார்க்கலாமே என்று கேட்டாள். ஓட்டை உள்ளே வளைந்து போகிறது, டார்ச் அடித்தாலும் இருட்டுதான் தெரியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டாராம்.

"ரெண்டாவது ஓட்டைதான் சார். நான் பார்த்தேன்."

"உங்கப்பா இப்பதான் நாலாவதுன்னு சொன்னாரு. தப்பான ஓட்டையை விட்டு வச்சா என்ன ஆகும்? தெளிவா ஒரு போட்டோ கொண்டு வா. நானும் பார்க்கிறேன்."

தப்பான ஓட்டையை விட்டு வைத்தால் என்ன ஆகும் என்று அவசரம் நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே பிடிக்கவில்லை.

அந்தப் பறவை சும்மா வந்து உட்காருகிற ஜாதி இல்லை. அரிவாள் போல வளைந்த இறக்கையோடு தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரியும். 'அதோ' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் சுவரைத் தொட்டிருக்கும். 'தோ' வரும்போது உள்ளே போயிருக்கும். அண்ணனின் செல்போனில் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு கறுப்புத் துணுக்கு விழுந்திருந்தது. அது பறவையா, திரையில் ஒட்டிய தூசியா என்று அண்ணன் விரலால் துடைத்துப் பார்த்தான். தூசிதான்.

அப்போதுதான் அவசரத்துக்குச் சித்தியின் கேமரா நினைவுக்கு வந்தது.

சித்தி செய்தித்தாளுக்காகக் கால்பந்தாட்டங்களைப் படமெடுப்பவர். அன்றும் புதுக் கேமராவோடு ஏதோ ஊருக்குப் போயிருந்தார். பழைய கேமரா, முழங்கை நீள லென்ஸோடு, இவர்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. தொலைபேசியில் அனுமதி கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் மேலே இருக்கும் பட்டனைத் தவிர வேறு எதையும் தொட்டுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எல்லாம் அவர் தன் கைக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருப்பதாம்.

அவசரம் பால்கனிக் கம்பியில் தலையணையைப் போட்டு, அதன் மேல் லென்ஸை வைத்துக்கொண்டாள். பறவை வந்தது. க்ளிக். பறவை போனது. க்ளிக் க்ளிக் க்ளிக்.

திரையில் பார்த்தால், பாலில் கரைத்த சுவர். அதன் மேல் கரியைத் தேய்த்தது போல ஒரு கறை.

"இதுக்கு ஒரு பேர் வைக்கலாம்" என்றான் அண்ணன். "'பனிமூட்டத்தில் பூனை.'"

"போடா."

அடுத்ததற்கு அவன் 'பனிமூட்டத்தில் பூனை, தூங்குகிறது' என்று பெயர் வைத்தான். அதற்கடுத்ததற்கு, பூனை எழுந்து போய்விட்டது என்றான்.

பறவை வேகமாகப் போவதால்தான் இப்படி என்று அப்பா சொன்னார். அவசரம் அண்ணனை நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். அவனும் கரைந்துதான் போயிருந்தான். மூக்கும் இல்லை, முழியும் இல்லை. அப்பா லென்ஸின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அதே கதைதான்.

அவள் மறுபடியும் சித்தியை அழைத்தாள். பின்னணியில் ஒரு மைதானமே கத்திக்கொண்டிருந்தது.

"பறவை, சுவர் எல்லாமே மங்கலா வருது சித்தி."

"என்ன? கேக்கல... ஓ, பறக்கிறதையா எடுக்கிற? சொல்ல மறந்துட்டேன். பின்னாடி அமுக்கணும்டி. பின்னாடி அமுக்கு. ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு, வைக்கிறேன்."

அதோடு சித்தியின் தொலைபேசி அணைந்துவிட்டது.

அவசரத்துக்கு எரிச்சலாக வந்தது. சித்தியுமா? பின்னாடி அமுக்கணுமாம். அதாவது, அவசரப்படாமல், கொஞ்சம் பொறுத்து. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வேறு அறிவுரையே தெரியாதா?

இருந்தாலும் பொறுத்தாள். பறவை வந்தது. விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னாடி, பின்னாடி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதன் பிறகு அமுக்கினாள்.

சுவர் மட்டும் விழுந்திருந்தது. அதுவும் மங்கல்.

அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பின்னாடி அமுக்கினாள். படத்தின் ஓரத்தில் வாலா இறகா என்று தெரியாத ஏதோ ஒன்று. அதற்கும் அடுத்த முறை, பறவை உள்ளே போய், இரை கொடுத்து, வெளியே வந்து, அடுத்த தெருவுக்கே போயிருக்கும். அவ்வளவு பின்னாடி அமுக்கினாள். காலி வானம் வந்தது. அந்த வானத்திலும் தெளிவு இல்லை.

"'பூனை இல்லாத பனிமூட்டம்'" என்றான் அண்ணன்.

"இன்னொரு பேர் வச்சே, கேமராவை உன் தலையில போட்டுடுவேன்."

"சித்தியோட கேமரா. என் தலை தாங்கும், உன் தலை தாங்காது."

சாயங்கால வெயில் எதிர்ச் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூரையைத் தாண்டிவிடும். அதன் பிறகு சித்தியே வந்தாலும் ஒன்றும் எடுக்க முடியாது. அவசரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  அண்ணன் எதிரில் இருந்ததால் மட்டும் அழவில்லை.

உள்ளே ஏதோ தடால் என்று விழுந்தது.

இஸ்திரிப் பலகை. நடைவழியில் சாய்த்து வைத்திருந்த பலகையில் அம்மா கால் இடறி, அது வாளியின் மேல் விழுந்து, வாளி உருண்டு அடுப்படிவரை போயிருந்தது. அப்பா அங்கே நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயே சொன்னேன்ல, இதைப் பின்னாடி வைங்கன்னு" என்றார் அம்மா.

"வைக்கிறேன்னுதானே சொன்னேன். வெங்காயத்தை முடிச்சுட்டுப் பின்னாடி வைக்கலாம்னு இருந்தேன்."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கதவுக்குப் பின்னாடி வைக்கச் சொன்னேன். கதவுக்குப் பின்னாடி."

"ஓகோ. நான் அப்புறமா வைக்கச் சொல்றேன்னு நினைச்சேன்."

"உங்களுக்கு வசதியான அர்த்தம் மட்டும் எப்படித்தான் கிடைக்குதோ."

பால்கனியில் அவசரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல, மிகவும் மெல்ல, கேமராவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள்.

முதுகில் நிறையப் பட்டன்கள் இருந்தன. எல்லாம் சொரசொரப்பாக, புதுசாக இருந்தன. வலது மேல் மூலையில், கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடத்தில் இருந்த ஒன்று மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதன் மேல் எழுதியிருந்த எழுத்துகூட அழிந்துபோயிருந்தது. சித்தியின் கட்டைவிரல் எத்தனை ஆட்டங்கள் அங்கேயே கிடந்ததோ.

வேறு எதையும் தொடாதே என்றவரும் சித்திதான். பின்னாடி அமுக்கு என்றவரும் சித்திதான்.

"இந்தப் பெரியவங்க இருக்காங்களே" என்று சொல்லிக்கொண்டே அவசரம் எழுந்தாள். லென்ஸைச் சுவருக்கு நேராகத் திருப்பி, அந்த வழவழப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

லென்ஸுக்குள் ஏதோ 'ஸ்ர்ர்' என்று நகர்ந்தது. பாலில் கரைந்திருந்த சுவர் சட்டென்று உறைந்து நின்றது. செங்கல் செங்கலாகத் தெரிந்தது. செங்கலில் இருந்த பாசி தெரிந்தது. பாசியின் மேல் போன எறும்பும் தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். மேலே இருக்கும் பட்டன் படத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். கூர்மையாகப் பார்க்கும் வேலையைச் சித்தி முதுகுப் பட்டனுக்குக் கொடுத்துவிட்டார். அதை அமுக்காதவரை கேமரா கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவனைப் போலத்தான். கண் திறந்திருக்கும், பார்க்காது.

"அண்ணா, பறவை வந்தா சொல்லு."

"வருது."

அவள் கட்டைவிரலை ஒரு தடவை அமுக்கி எடுத்தாள். க்ளிக். சுவர் அருமையாக இருந்தது. பறவை மறுபடியும் கறையாகவே இருந்தது. ஏனென்றால் அவள் அமுக்கியபோது பறவை எங்கோ இருந்தது, வந்து சேர்ந்தபோது வேறெங்கோ இருந்தது.

அண்ணன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஓடுகிற ஒன்றை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால் எப்படி? பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாமா? அப்படியானால் கட்டைவிரலை எடுக்கவே கூடாது. அது அமுக்கிக்கொண்டே இருக்க, மற்ற விரல்தான் படம் பிடிக்க வேண்டும்.

சொல்வது சுலபம். கட்டைவிரல் நினைவாக இருந்தால் ஆட்காட்டி விரல் மறந்தது. ஆட்காட்டி விரல் வேலை செய்தால் கட்டைவிரல் வழுக்கியது. இரண்டும் ஒழுங்காக இருந்த ஒரே ஒரு முறை, அண்ணன் உற்சாகத்தில் தலையணையை இடித்துவிட்டான்.  அவசரம் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்துப் பால்கனியின் மறு மூலைக்கு நகர்த்திவிட்டு, திரும்பி வந்தாள்.

வெயில் கூரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"வருது" என்றான் அண்ணன், மூலையிலிருந்து, மூச்சே விடாமல்.

அவள் புள்ளியைப் பிடித்தாள். கட்டைவிரலை அமுக்கினாள். 'ஸ்ர்ர்' என்று லென்ஸ் பறவையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தது. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. இறக்கைக்கு நடுவே ஓர் உடம்பு, உடம்புக்கு முன்னால் ஒரு கண். அது வளைந்தது, அவளும் வளைந்தாள். சுவர் ஓடி வந்தது. கட்டைவிரலை விடாமல் மற்ற விரலை அழுத்தினாள். க்ளிக் க்ளிக் க்ளிக் க்ளிக்.

பிறகு திரையைப் பார்க்கப் பயந்து, கேமராவை அண்ணனிடம் நீட்டினாள்.

அவன் பார்த்தான். பேர் எதுவும் வைக்கவில்லை. "அம்மா, அப்பா, இங்க வாங்களேன்" என்றான்.

படத்தில் உழவாரக் குருவி இறக்கையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தது. அது நிற்கவில்லை, பறக்கிறதுதான். ஆனாலும் ஆணி அடித்தது போல நின்றிருந்தது. தொண்டை, நிறையப் பூச்சிகளால் உப்பியிருந்தது. ஓட்டையின் வாயில் இன்னும் இரண்டு வாய்கள் ஆவென்று திறந்திருந்தன.

அது முதலாவது ஓட்டை இல்லை. மூன்றாவதோ நான்காவதோ இல்லை. அவசரம் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இரண்டாவதும் இல்லை. ஆறாவது. மழைக் குழாய்க்குப் பக்கத்தில், பாதி மறைந்திருந்ததால் யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்காத ஓட்டை.



"நல்லவேளை, என் பேச்சை அந்த ஆள் நம்பல" என்றாள் அவசரம்.

மேலாளர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அண்ணாந்து ஓட்டைகளை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணினார். பிறகு அங்கேயே நின்று கொத்தனாருக்குத் தொலைபேசியில் சொன்னார், குழாய் ஓரமாக இருக்கும் ஓட்டையின் பக்கமே போகக் கூடாது என்று.

மறுநாள் கொத்தனார் ஐந்து ஓட்டைகளைப் பூசினார். ஆறாவதன் அருகே வந்ததும் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றை மெல்ல இழுத்து மேலே போய்விட்டார். அவசரம் கீழே முற்றத்தில் நின்று, கழுத்து வலிக்க வலிக்க அதைப் பார்த்தாள். பறவையைக் காணோம். பலகைக்குப் பயந்து போய்விட்டதோ?

மேலாளரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தில் பார்த்தது போதாது, நேரில் பார்க்க வேண்டுமாம்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மேலாளர் கொட்டாவி விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விர்ரென்று ஒரு நிழல் அவர்கள் தலைக்கு மேலே போனது. ஆறாவது ஓட்டையிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரே சண்டை கேட்டது.

"எங்க? எங்க பாப்பா?" என்று கேட்டபடி மேலாளர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார்.

"போயிடுச்சு சார்."

அவர் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொள்வதற்குள் அது இன்னொரு தடவை வந்துவிட்டுப் போனது.