மீன் அறையில் அணையும் கற்பூரம்

கோவில்பத்து வீட்டில் ரஞ்சித்குமார் மூன்றாவது இட்லியில் கை வைத்தபோது தாமரைச்செல்வி வாசலில் வந்து நின்றாள். அவர் மனைவி பாரதி கல்லூரியில் வேதியியல் நடத்துபவள். ஊராரின் மர்மங்களை அவிழ்ப்பவளும் அவளே. ரஞ்சித்குமார் துணைத் துப்பறிவாளர். அந்தப் பதவியில் அவரை நியமித்தது அவரேதான்.

“டீச்சர், எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு மீன் அறைக்குள்ள இறங்கப் போறார். நீங்கதான் தடுக்கணும்.”

போன வாரம் கிளிஞ்சல்மேட்டில், தாமரைச்செல்வியின் கணவன் மணிவேலின் இரும்புப் படகில், பிடித்த மீனைக் கொட்டிவைக்கும் அடித்தள அறையைக் கழுவ இறங்கிய கூலியாள் மருதையனைக் கொக்கி போட்டுப் பிணமாகத்தான் தூக்கினார்கள். காயமில்லை. முதல்நாள் அவனுக்கும் மணிவேலுக்கும் வாய்த்தகராறு. போலீஸ் போனதும் அறையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மருதையனின் மனைவி சௌந்தரவல்லி சாயங்காலம்தோறும் மூடியைத் திறந்து, தகர டப்பாவில் கற்பூரம் ஏற்றிக் கயிற்றில் இறக்குகிறாள். பாதியில் அணைந்துவிடுகிறது. செத்தவன் ஊதி அணைக்கிறான், கொன்றவனைக் கேட்கிறான் என்றது ஊர். நான் கொல்லவில்லை, உள்ளே இறங்கிக் கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்கிறேன் என்று மணிவேல் சொல்லிவிட்டான்.

“கொலைகாரன் இறங்கறேன்னு சொல்ல மாட்டான். இது என் முதல் முடிவு,” என்றார் ரஞ்சித்குமார், ஸ்கூட்டரைக் கிளப்பியபடி.

“ரெண்டாவது?”

“நான் இறங்க மாட்டேன்.”

அவர்கள் படகுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே கூடியிருந்தது; மணிவேலின் ஒரு கால் மீன் அறை ஏணியில் இருந்தது.

“காலை எடுங்க மணிவேல். கொஞ்சம் பொறுத்தா சாமி கோவிச்சுக்காது,” என்றாள் பாரதி.

பாரதி கற்பூரத்தை இறக்கினாள். சுடர் ஆடவில்லை. யாரோ விரலால் நசுக்கியதுபோல் சுருங்கி, செத்தது. ரஞ்சித்குமாரின் கை தானாகவே மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

“ஊதியிருந்தா சுடர் சாஞ்சிருக்கும்,” என்றாள் பாரதி. மூடி விளிம்பைத் தடவினாள்: புது ரப்பர், கெட்டியாகக் கிரீஸ். டார்ச் அடித்தாள்: சுவரெல்லாம் செக்கச் செவேல்.

“மீன்பிடித் தடைக்காலத்துல பழைய பெயின்டைச் சுரண்டினீங்களா?”

“ஆமா டீச்சர். பெயின்ட் அடிக்கறதுக்குள்ள மழை. தண்ணி இறங்காம இருக்க இறுக்கி மூடிட்டேன்.”

“உள்ள ஈரம்?”

“இருந்துச்சு.”

“அப்ப கொன்னவன் இன்னும் உள்ளதான் இருக்கான்.”

கூட்டம் பின்வாங்கியது, முதலில் ரஞ்சித்குமார்.

“துரு,” என்றாள் பாரதி. “இருநூத்தம்பது வருஷம் முந்தி சுவீடன்ல ஷீலேன்னு ஒரு மருந்துக்கடைக்காரர், ஈர இரும்புத்தூளைப் பாத்திரத்துல மூடி வெச்சார். துருப்பிடிக்கப் பிடிக்க உள்ள இருந்த காத்துல ஒரு பங்கு காணாமப் போச்சு. மிச்சத்துல மெழுகுவர்த்தி எரியல. காணாமப் போன பங்குக்கு நெருப்புக் காத்துன்னு பேர் வெச்சார். நம்ம ஆக்சிஜன்தான். மருதையன் இறங்கினப்ப இங்க அது இல்ல. நீங்க இறங்கியிருந்தாலும் இதே கதிதான்.”

மணிவேல் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். “மூடினது நான்தானே டீச்சர்...” தாமரைச்செல்வி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய மின்விசிறியை வைத்து மதியம்வரை காற்று ஊட்டினார்கள். பிறகு இறக்கிய கற்பூரம் அடிவரை போய் நின்று எரிந்தது. ஊர் பெருமூச்சு விட்டது.

சௌந்தரவல்லி மட்டும் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவரு உள்ள இல்லையா டீச்சர்? நான் வந்தது தெரிஞ்சுதான் தெனம் அணைக்கறார்னு நெனச்சேனே.”

பாரதிக்கு முன்னால் ரஞ்சித்குமார் பதில் சொன்னார்.

“மூடியத் தொறந்துட்டோம்ல தங்கச்சி. இனிமே அவருக்கு மூச்சு முட்டாது.”

பாரதி அதைத் திருத்தவில்லை.