அப்பா குதித்த மதில்

மூன்றாவது முறையாக அதே இளநீர் வண்டியின் முன்னால் வந்து நின்றார்கள் ரெஜினாவும் பாவேந்தனும்.

“ஏய், நாம இதச் சுத்துறோமா, இது நம்மளச் சுத்துதா?” என்றான் பாவேந்தன்.

ரெஜினாவுக்கும் தலை சுற்றியது. கைபேசியில் ஒரு பழைய படத்தின் துரத்தல் காட்சியைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்தாள். ஹீரோ புதுச்சேரித் தெருக்களில் ஓடுகிறார், மஞ்சள் கட்டடத்தில் வலப்பக்கம் திரும்புகிறார், உயரமான மதிலிலிருந்து குதிக்கிறார். குதித்தது அவர் இல்லை, டூப் போட்ட தன் அப்பா அமல்ராஜ்தான் என்று வகுப்பில் சொல்லித் தொலைத்துவிட்டாள். சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்காமல் கூட வந்தவன் இவன் ஒருவன்தான்.

‘ரெண்டாள் உயரம்மா. கீழ ஈர சிமெண்ட்டு, என் கை அப்படியே பதிஞ்சுபோச்சு’ என்பார் அப்பா. அவருக்குச் சுண்டுவிரல் பாதிதான். அந்தத் தடம் கிடைத்தால் ஒருவனும் வாய் திறக்க முடியாது. ஆனால் எந்தத் தெரு? வேனில் கூட்டிப் போனார்கள், குதித்தார், வேனில் ஏற்றிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவே.

“வலப்பக்கம் திரும்பினா கடல்தான வருது? மதிலு எங்க?”

ரெஜினா படத்தைப் பெரிதாக்கினாள். “டேய், ஹீரோ சட்டையில பாக்கெட்டு எந்தப் பக்கம் இருக்கு?”

“வலது பக்கம். அங்க யாருடி பாக்கெட்டு வைப்பா?”

“அதான! காட்சியவே கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டிருக்கானுங்க. வா, இடப்பக்கம்!”

ஓடினார்கள். தெரு முடிவில், படத்தில் பார்த்த அதே வட்ட ஓட்டைகள் வைத்த மதில். ஆனால் இடுப்பளவுதான் இருந்தது.

பாவேந்தன் உதட்டைக் கடித்தான். “இத என் தம்பி தூக்கத்துல தாண்டுவான்.”

ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியென்றால் அப்பா சொன்னதெல்லாம்? அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் சுவர் செங்குத்தாகப் பெரிய வாய்க்காலுக்குள் இறங்கியது. கேமரா கீழே நின்றிருக்கிறது!

சுவரில் பதித்த துருக்கம்பிகளைப் பிடித்து இறங்கினார்கள். ஒரு கம்பி கையோடு வந்தது. பாவேந்தன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தண்ணீரோரத் திட்டில் காய்ந்த சேற்றைச் செருப்பால் தேய்த்தாள். உள்ளங்கை தெரிந்தது. பிறகு விரல்கள். கடைசி விரல் பாதி.

பாவேந்தன் மேலே அண்ணாந்து பார்த்தான். “ஒரு பக்கம் பாத்துட்டு வாய் விட்டுட்டேன். தப்புதான்.”

ரெஜினா அப்பாவை அழைத்தாள். பட்டறைச் சத்தம் கேட்டது.

“அப்பா, உன் கை கெடச்சிருச்சு. எப்படிப்பா இங்க குதிச்ச?”

“நெசமாவே ரெண்டாள் உயரம் இருக்குதா?”

“உனக்குத் தெரியாதா?”

“கண்ண மூடிக்கிட்டில்ல குதிச்சேன். யாருகிட்டயும் சொல்லிடாதம்மா.”

திங்கட்கிழமை அந்தக் கைத்தடத்தின் புகைப்படம் வகுப்பு முழுக்கச் சுற்றியது. யாரும் சிரிக்கவில்லை. தெரு, பாக்கெட், வாய்க்கால் என்று எல்லாவற்றையும் சொன்ன ரெஜினா, கண்ணை மூடியதை மட்டும் சொல்லவில்லை.