கடப்பாரையை விடாத மலை

ஊசிமட்டம் மலைச்சரிவில் மூன்று மழைக்காலமாக ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. காரணம், இறுக்குவேர். சரிவுக் காப்பு வாரியம் ஆய்வகத்தில் உருவாக்கிய புல். எந்த வேரும் மண்ணைப் பின்னிப் பிடிக்கும். இது ஒரு படி மேலே. மண் வேகமாக அசைந்தால் பக்கத்து வேர்களுக்கும் சேதி சொல்லி, எல்லாமாகச் சேர்ந்து முஷ்டியாக மூடிக்கொள்ளும். அடிவாரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் நாற்பது குடும்பங்கள் மழையிலும் நிம்மதியாகத் தூங்கப் பழகின.

சரிவு உறுதியானதும் வாரியத்துக்கு ஒரு யோசனையும் உறுதியானது: மேலே சொகுசு விடுதி; லயன் வீடுகளை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்தம்.

அடிக்கல் விழாவில் இயக்குநர் முனைவர் அறவாழிநாதன் ஐம்பது நிமிடம் பேசினார். “எந்தச் சக்தியாலும் இங்கிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுக்க முடியாது!” கைதட்டல். பிறகு, ஒரு கைப்பிடி மண் எடுப்பதற்காக, வெள்ளி முலாம் பூசிய கடப்பாரையை ஓங்கிக் குத்தினார்.

கடப்பாரை திரும்பி வரவில்லை.

பொன்னாடையோடு இழுத்தார். அவர் இடுப்பைப் பிடித்து உதவியாளர் தணிகாசலம் இழுத்தார். பொக்லைன் வந்தது, அதன் பற்களையும் மண் கவ்விக்கொண்டது.

“மருந்தடிச்சு வேரைக் கொல்லுய்யா!”

“மலை நம்ம தலைமேலயே இறங்கிடும் சார். உங்க கட்டுரையிலதான் படிச்சேன்.”

முதலில் இடிபட இருந்த வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கும் ஜெபமணி, சிரித்துவிட்டாள். “அது ஆள் பாக்காதுய்யா. மழை இழுத்தாலும் விடாது, நீங்க இழுத்தாலும் விடாது.”

“அப்புறம் நீ எப்படிம்மா இங்க அவரைக்கொடி வச்சே?” ஓரத்தில் படர்ந்திருந்த கொடியைக் காட்டிக் கேட்டார் இயக்குநர்.

அவள் குந்தி உட்கார்ந்து, விரலால் மெல்ல மெல்ல மண்ணைக் கிளறினாள். வேர்கள் அசையாமல் கிடந்தன. “அவசரப்படாம எடுத்தா ஒரு செடிக்கு உண்டானதைக் குடுக்கும். ஒரு குழிக்கு அரை மணி நேரம்.”

“விடுதி அஸ்திவாரத்துக்கு?”

தணிகாசலம் கணக்குப் போட்டார். “நூத்திப் பதினாலு வருஷம் சார். சாப்பாட்டு நேரம் சேர்க்கல.”

திட்டம் கைவிடப்பட்டது. ‘லயன் வீடுகளைக் காத்த தொலைநோக்கு’ என்று வாரியத்தின் ஆண்டறிக்கை இயக்குநரைப் பாராட்டியது.

கடப்பாரை அங்கேயே நிற்கிறது. மெல்ல அசைத்தால் வந்துவிடும் என்று ஜெபமணிக்குத் தெரியும். ஆனால் எந்தக் காற்றுக்கும் ஆடாத துணிக்கொடிக் கம்பம் அவளுக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை.