காளியம்மாள் கை காட்டிய பக்கம்

காலை ஒன்பதரை. தஞ்சாவூரில் அந்த மனித உரிமை அமைப்பின் அலுவலகத்தில் கேமரா இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய மெமரி கார்டைத்தான் காணோம்.

"நல்லா தேடினியா?" என்று கேட்டார் வழக்கறிஞர் ஆசியா.

"பையையே கொட்டிப் பாத்துட்டேன் மேடம்." ஜெக்கரியா நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி, கேமரா பையை அலமாரியின் மேல்தட்டில் திரும்ப வைத்தான்.

ஜெக்கரியாவும் அஞ்சுகமும் சட்டக் கல்லூரி மாணவர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பிரிவில் பயிற்சிக்கு வந்தவர்கள். பிரிவின் தலைவர் ஆசியா. பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது. அதை நம்பி அவரிடம் வாலாட்டியவர்கள் யாரும் தப்பியதில்லை.

தொலைந்த கார்டில் காளியம்மாளின் வாக்குமூலம் இருந்தது. காளியம்மாளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போகாததால், கையால் அவராகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் அவர் பாஷை. நிலமில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் அவர் பெயரில் இருந்தது. குறுவை நட வேண்டிய நேரத்தில் யாரோ அதற்குக் கம்பிவேலி போட்டு, உள்ளே செங்கல் சூளையும் வைத்துவிட்டார்கள். கட்சியின் ஒன்றியச் செயலாளர் துரைராசு வளைத்துப் போட்டுவிட்டார் என்பது மனு. மறுநாள் கோட்டாட்சியர் விசாரணை. அதில் தோற்றால் நிலம் போய்விடும். அவருக்கென்று வேறு எதுவும் கிடையாது.

அந்த வீடியோவை எடுத்தவள் அஞ்சுகம். சைகை தெரிந்த பெண் என்று அன்றைக்கு அலுவலகமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

காளியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை. பக்கத்தில் அவர் அண்ணன் தங்கையன்.

"போனாப் போவுது விடுங்கம்மா," என்றார் தங்கையன். "அது சொன்னத நான்தானே உங்களுக்குச் சொன்னேன்? நாளைக்கும் நானே சொல்லிடுறேன்."

"நேத்து சாயங்காலம் துரைராசு ஆளுங்க வந்து சத்தம் போட்டாங்க மேடம். அவங்க வேலைதான். போலீசுக்குப் போவோம்," என்றான் ஜெக்கரியா.

"இரு."

ஆசியா தன் மேசையில் உட்கார்ந்து மனுவின் பிரெயில் பிரதியை எடுத்தார். முந்தின நாள் மேசைமேலேயே விட்டுப்போன தாள். விரல் ஓடி வந்து நடுவில் நின்றது. ஓர் இடத்தில் மட்டும் தாள் ஊறி உலர்ந்து, புள்ளிகள் அமுங்கி, வட்டமாக மழுங்கியிருந்தன. பக்கத்து முக்காலியில் எப்போதும் தண்ணீர்க் கூஜா இருக்கும். கையை நீட்டினார். கைப்பிடி நேராகக் கைக்குள் வந்தது. குடித்துவிட்டுக் கூஜாவை அதே இடத்தில் வைத்தார்.

"நேத்து கடைசியா பூட்டினது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் அஞ்சுகம்.

"துரைராசு ஆளுங்க போனப்புறமா?"

"ஆமா."

"கார்டை எடுத்தது நீதான் அஞ்சுகம்."

ஜெக்கரியா வாயைப் பிளந்தான்.

"கூஜாவை என் தாள்மேல வச்சுட்டு, முக்காலியில ஏறி யாரோ மேல்தட்டைத் தொட்டிருக்காங்க. வெளியாளா இருந்தா கூஜாவை அங்கேயே விட்டுட்டு ஓடியிருப்பான். இவங்க அதைத் திரும்ப முக்காலியில வச்சு, கைப்பிடியையும் என் பக்கமா திருப்பி வச்சிருக்காங்க. நான் தடவித் திண்டாடக் கூடாதுன்னு முதல் நாளே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. ஜெக்கரியாவுக்கு முக்காலி தேவையில்ல, அவன் குரலே என் தலைக்கு மேல இருந்துதான் வருது. திருடும்போதுகூட என்னைக் கவனிச்சிருக்கே. ஏன் எடுத்தே?"

அஞ்சுகம் தன் பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நேத்து திரும்பப் போட்டுப் பாத்தேன் மேடம். வேலியைக் காட்டிட்டு, ஒவ்வொரு தடவையும் கேமராவுக்கு இடது பக்கமா கை காட்டுறாங்க. அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு 'துரைராசுங்குது'ன்னு சொன்னது இவருதான்." தங்கையனைப் பார்த்தாள். "சைகை தெரியும்னு பொய் சொல்லித்தான் நான் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அதனால அன்னைக்கு இவரு சொன்னதுக்கெல்லாம் சரின்னு தலையாட்டினேன். எல்லாரும் பாராட்டினீங்க. தப்புன்னு சொல்ல வாய் வரல. நாளைக்கு விசாரணையில இதைப் போட்டா என் பொய் தெரிஞ்சுடும்னுதான் எடுத்துட்டேன். வெக்கமா இருந்துச்சு மேடம்."

தங்கையன் எழுந்தார். "சூளைக்காரன்கிட்ட குத்தகைக்கு விட்டேன், அதுல என்ன தப்பு? ஊமைக்கு எதுக்குங்க நிலம்?"



"கரைவேட்டி கட்டின கட்சிக்காரன்னு கேட்டதும் நாம யாரும் அடுத்த கேள்வி கேக்கல," என்றார் ஆசியா. ஓட்டலுக்குப் போனால், 'மேடத்துக்கு என்ன வேணும்?' என்று கூட வந்தவரிடம் கேட்கிற சர்வர்மேல் அவருக்குக் கொலைவெறி வரும். அதே ஆசியா இத்தனை நாளாக, 'உங்க தங்கச்சி என்ன சொல்றாங்க?' என்று தங்கையனிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்து, பெஞ்சைத் தேடிப் போய், கையை நீட்டினார்.

காளியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்காட்டி விரலைப் பிரித்து நிமிர்த்தி, அண்ணன் நிற்கிற பக்கம் திருப்பி, அப்படியே அழுத்திப் பிடித்தார்.

"அஞ்சுகம், அவங்க முகம் எப்படி இருக்கு?"

அஞ்சுகம் காளியம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"இதைத்தானே முதல்லேருந்து சொல்றேன்னு கேக்குற மாதிரி இருக்கு மேடம்."