கங்கை இடம் மாற்றிய வயல்

கங்கை நூறு கிளைகளாகப் பிரிந்து கடலைத் தேடும் வங்கக் கழிமுகத்தில், மாலை வெயில் மங்கி முழுநிலவு எழக் காத்திருந்த வேளை அது. கிழக்குக் கரையில் வங்கச் சிற்றரசனின் பாசறை. மேற்குக் கரையில் ராடச் சிற்றரசனின் கோட்டை. இரண்டுக்கும் நடுவே, சென்ற மழைக்காலம் வரை இல்லாதிருந்த ஒரு வண்டல் தீவு பசும் நாற்றுடன் ஒன்றுமறியாததுபோல் கிடந்தது.

வாசகர்களே, ஓரிடத்தில் கரையைக் கரைத்து வேறிடத்தில் நிலம் படைப்பது அந்நாட்டு நதிகளுக்குப் பொழுதுபோக்கு. மக்களும் அதற்கேற்ப வழக்கம் வகுத்திருந்தார்கள். எவர் விதை முதலில் முளைக்கிறதோ அவருக்கே புதுத் தீவு. முதல் அறுவடைக்கு அவர் எந்தக் கரையிலிருந்தும் ஆள் கேட்கலாம், கேட்டால் மறுக்கக்கூடாது. விதைத்தவர் யாரென்று வழக்கு எழுந்தால், இரு கரையையும் சேராத ஒருவன் நாற்றைத் தொட்டுச் சொல்லும் சொல்லே முடிவு.

அப்படிப்பட்ட ஒருவன் ராடத் தண்டநாயகர் சோமதத்தரின் பிடியிலேயே இருந்தான். நாகப்பட்டினத்து மாலுமி இளஞ்சாத்தனின் மரக்கலம் கழிமுகத்து மணலில் உடைந்து, அவனுடைய துடுப்பாளிகள் முப்பது பேரும் கோட்டை நிலவறையில் அடைபட்டிருந்தார்கள். "ராட மன்னருக்காக விதைக்கக் கண்டேன் என்று சொல். அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்" என்றார் தண்டநாயகர். இருபது நாள் முன் ஒரு விடியலில் கிழக்குப் படகுகள் விதைத்ததைக் கோட்டை மதிலிலிருந்து தன் கண்ணாலேயே கண்டிருந்தும், சாத்தன் சம்மதித்தான்.

நிலவு எழுந்ததும் வழக்கைக் கேட்க நடுவர்கள் வருவதாக இருந்தது; அதற்கு முன்பே அவன் தீவில் இறங்கினான். முழங்கால் வரையும் கைகளிலும் சேறு அப்பிய ஓடக்காரப் பெண் ஒருத்தி கையில் கழியுடன் கொக்குகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கரையைச் சேர்ந்தவர்?"

"காவிரிக் கரை, அம்மணி."

"அப்படியானால் சாட்சி நீர்தான். என்ன தருவதாகச் சொன்னார்கள்?"

"முப்பது உயிர். கோட்டை நிலவறையில் கிடக்கும் என் துடுப்பாளிகள்."

கழி ஒரு கணம் நின்றது. "இந்த மண் சென்ற ஆண்டு எங்கள் கரையில் இருந்தது. இருநூறு குடிகளின் வயல். நதி எடுத்துவந்து இங்கே வைத்திருக்கிறது. அந்தக் குடிகள் இன்றும் படகில்தான் சமைக்கிறார்கள், படகில்தான் பிள்ளை பெறுகிறார்கள்."

"பின் ஏன் என்னிடம் நீங்கள் கெஞ்சவில்லை?"

"உம்முடைய முப்பது பேருக்கும் காத்திருப்பவர்கள் இருப்பார்களே. என் கையில் இருப்பது கொக்கு விரட்டும் வேலைதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்தச் சொல் அவனைக் குத்தியது. இன்னொரு கழியை எடுத்து மறுபக்கத்துக் கொக்குகளை விரட்டப் போனான். அவன் மனம் போன திசையை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

நிலவு எழுந்தது. நடுவர் ஐவரும் தண்டநாயகரும் படகுகளில் வந்து இறங்கினார்கள். சாத்தன் மண்டியிட்டு நாற்றைத் தொட்டான். நிலவறை இருட்டில் முப்பது முகங்கள் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது.

"விதைத்தவர்கள் கிழக்குக் கரையார். நான் கண்டேன்."

"உன் ஆட்களை மறந்துவிடு" என்று பல்லைக் கடித்தார் சோமதத்தர்.

"நிலத்துக்கு உரியவர் யார்?" என்றார் மூத்த நடுவர்.

ஓடக்காரப் பெண் குனிந்து நீரில் கை கழுவினாள். சேறு கரைய, அரச முத்திரை மோதிரம் நிலவில் தெரிந்தது. "வங்க மன்னரின் மகள் உத்பலமதி. என் குடிகளுக்காக ஏற்கிறேன். முதல் அறுவடைக்கு ஆளும் கேட்கிறேன். மேற்குக் கோட்டை நிலவறையில் முப்பது பேர் சும்மா இருக்கிறார்களாம். அவர்களை அனுப்பச் சொல்லுங்கள்."

நடுவர்கள் தலையசைத்தார்கள். தண்டநாயகர் வாயைத் திறந்தார். வழக்கம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

சாத்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. இளவரசி அவனருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அறுவடை முடிந்ததும் மரக்கலம் தருவேன். இது என் வாக்கு."

"முப்பது பேரைத்தானே கேட்டீர்கள், தேவி? என்னைக் கேட்கவில்லையே."

"கேட்டால் நீர் மறுக்கமுடியாது. அதனால்தான் கேட்கவில்லை."

"அப்படியானால் கேட்காமலே இருக்கிறேன்" என்று சாத்தன் மறுபடியும் மண்டியிட்டு நாற்றைத் தொட்டான். இம்முறை யாரும் அவனைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.