வாண்டாவின் இடக்கை மட்டை

"இது என் மட்டை இல்லை. நூறு பேரு வந்து சத்தியம் பண்ணாலும் இல்லை!"

வாண்டா பிலார்ஸ்கி அந்த உருளை வடிவ சாஃப்ட்பால் மட்டையைத் தோழி நார்மாவின் சமையலறை மேசையில் போட்ட வேகத்தில் காப்பிக் கோப்பை துள்ளியது. வாண்டாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் பியோரியா நகரப் பெண்கள் அணியின் இடக்கை ஆட்டக்காரி. அவர் கையெழுத்தைப் பொறித்தே ஒரு கம்பெனி மட்டை விற்றது. அந்த மட்டைகள் ஊரில் பலரிடம் உண்டு. ஆனால் இறுதி ஆட்டத்தில் அவரே வீசிய மட்டை ஒன்றுதான். விளையாட்டுப் பொருள் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சிக்கு அதைத்தான் இரவல் கொடுத்திருந்தார்.

"திரும்பி வரும்போது மாறிடுச்சு. கேட்டா, சங்கக் கூட்டத்துல அறுபது பேருக்கு நடுவுல 'கிழவிக்கு மறதி'ன்னு சிரிக்கிறாங்க. எனக்கா மறதி?"

நார்மாவுக்கு ரத்தம் கொதித்தது. காப்பீட்டு நிறுவனத்தில் துப்பறிந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் எல்வின் நிதானமாக மட்டையைப் பார்த்தார். கைப்பிடி நாடா, அடிமுனையில் பெயர்ந்த சில்லு, எல்லாம் வாண்டா சொன்ன அடையாளங்களே. கைப்பிடியைத் தன் பக்கம் வைத்து, கையெழுத்து மேலே வரும்படி திருப்பினார். பந்து பட்ட தழும்புகள் இடப்பக்கம் இருந்தன.

"கண்காட்சியில மட்டையை வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டிக்குச் சாவி யாருகிட்ட?" என்று கேட்டார்.

"ரெண்டே பேரு. தலைவர் ராஸ்கோ, செயலாளர் க்ளிஃபர்ட்."

"ராஸ்கோதான்! அந்தாளு முழியே சரியில்லை," என்றாள் நார்மா.

"உனக்கு யாரு முழிதான் சரியா இருந்திருக்கு? கிளம்பு."

சங்கக் கூடத்தை ஒட்டிய சிறு அறையில், வாண்டாவும் நார்மாவும் பார்த்திருக்க, ராஸ்கோ, க்ளிஃபர்ட் இருவரையும் உட்காரவைத்தார் எல்வின். மட்டையை நீட்டி, "பந்து வருதுன்னு நெனச்சு நில்லுங்க," என்றார்.

முப்பது வருஷம் ஆடிய ராஸ்கோ, யோசிக்காமலே மட்டையை உருட்டிக் கையெழுத்தை மேலே கொண்டுவந்தார். க்ளிஃபர்டோ, கையெழுத்து பந்து வரும் பக்கம் பார்க்கும்படி பிடித்தார்.

"ஐயோ, அதுல பந்து பட்டா மட்டை உடைஞ்சுடும்யா!" என்று ராஸ்கோ பதறினார்.

"அதேதான்," என்றார் எல்வின். "ஆடினவங்க எல்லாம் கையெழுத்தை மேலே வெச்சுத்தான் அடிப்பாங்க. வலக்கைக்காரர் அடிச்சா தழும்பு இடப்பக்கம் விழும். இடக்கைக்காரர் அடிச்சா வலப்பக்கம். இந்த மட்டையில தழும்பு இடப்பக்கம் இருக்கு. அதனால இது வாண்டாவோடது இல்லை. நாடா, சில்லு எல்லாம் பார்த்துப் பார்த்துப் பொருத்தினவர் இதை மட்டும் கோட்டைவிட்டார். ராஸ்கோன்னா முதல்ல இதைத்தான் பார்த்திருப்பார். சாவி இருக்கிற ரெண்டு பேருல மட்டையே வீசாதவர் நீங்க ஒருத்தர்தான், க்ளிஃபர்ட்."

க்ளிஃபர்ட் மட்டையைக் கீழே வைத்தார். "அவங்க அலமாரியில கிடந்து என்ன பிரயோஜனம்? நான் அதைப் பூ மாதிரி வெச்சிருந்திருப்பேன்!"

க்ளிஃபர்டின் காரிலிருந்து ராஸ்கோ அசல் மட்டையை எடுத்துவந்தார். தழும்புகள் வலப்பக்கம் இருந்தன. வாண்டா அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ராஸ்கோ குரலைத் தாழ்த்தினார். "வாண்டா, இதோட விட்டுடுவோமே. வெளியே தெரிஞ்சா சங்கத்துக்கு அவமானம்."

"என்னைப் பார்த்துச் சிரிச்சப்போ உங்க அவமானம் எங்க போயிருந்துச்சு?"

நார்மா கூடத்துப் பக்கக் கதவைத் திறந்து விட்டாள். கூட்டத்துக்கு வந்திருந்த அறுபது தலைகள் திரும்பின. வாண்டா க்ளிஃபர்டின் கையைப் பிடித்து நடுவே நிறுத்தினார்.

"ம், சொல்லுங்க. கடைசி வரிசைக்கும் கேக்கணும்."