திரையில் சீரோ

சிக்னல் ஜெனரேட்டரை அணைத்தாகிவிட்டது. அதன் ப்ளக்கையும் பிடுங்கி மேசைமேல் போட்டாகிவிட்டது. ஆனாலும் கமலநாதனின் திரையில் அந்த வெள்ளைப் புள்ளி போகவில்லை.

மேசையில் கை நீளத்துக்கு ஓர் எஃகுக் குழாய் கிடந்தது. அதன் உட்சுவரில் நான்கு தகடுகள், நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. துகள் முடுக்கிக்குள் எலக்ட்ரான் கற்றை பாய்வதைப்போல அந்தக் கம்பியில் ஒரு பொய்யான சிக்னலை அனுப்புவார்கள். கற்றை எவ்வளவு வலுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது என்பதைக் குழாயோடு இணைத்த போர்டு கண்டுபிடித்து, ஓர் எண்ணாகவும் ஒரு புள்ளியாகவும் திரையில் காட்டவேண்டும். போர்டு உண்மைதான் சொல்கிறதா என்று சோதிக்கும் மென்பொருளை எழுதுவது கமலநாதனின் வேலை. சிக்னல் இல்லாவிட்டால் புள்ளியும் இருக்கக் கூடாது. இருந்தது. திரையின் இடது ஓரத்தில், வாசலில் தயங்கி நிற்கும் ஆள்போல.

சனிக்கிழமை மதியம். கூட வேலை செய்யும் ஷஹானா அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். காஜாங் கடைவரிசையின் மாடியில் இருந்த அந்த ஆபிஸுக்குள், கீழே இறைச்சி சுடும் சாத்தே கடையில் மூட்டத் தொடங்கிய கரியின் புகையும், வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் மழை விழும்போது எழும் சூடான வாசனையும் ஏர்கோன் இடுக்கு வழியாகக் கலந்து வந்துகொண்டிருந்தன. வானம் கறுத்துத் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தகரக் கூரைமேல் மழை அறைகிற சத்தத்தில் கதவு தட்டப்பட்டது அவனுக்கு முதலில் கேட்கவில்லை.

திறந்தான். லோகேஸ்வரி. இதே ஆபிஸில் கூட வேலை செய்த விஜயனின் மனைவி.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வீட்டுத் தீபாவளிச் சாப்பாட்டை அவன் வருடம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறான். விஜயன் இறந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

"வாம்மா லோகேஸ். இந்த மழையில எதுக்கு வந்த?"

அவள் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து விஜயனின் ஆபிஸ் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். வாசலில் இருக்கும் கருவியில் காட்டினால் கதவு திறக்கும் கார்டு.

"இத திருப்பிக் குடுக்கணும்ல அண்ணே."

"போஸ்ட்ல அனுப்பியிருக்கலாமே."

"அவருதான் நேர்ல போய்க் குடுத்துட்டு வான்னாரு."

மழைச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தான். "யாரு?"

"அவருதான். கொஞ்ச நாளா வராரு. சாப்பாடு வச்சா தொட மாட்றாரு. ஒரே கேள்விதான். ஸ்க்ரீன்ல சீரோன்னு போட்டுச்சே, அத யாரு போட்டதுன்னு."

கமலநாதன் கார்டை ஓரமாகத் தள்ளினான். "நீ சரியாத் தூங்குறதில்லன்னு நினைக்கிறேன். ஒரு டாக்டரப் பாரு லா."

"எனக்கு கம்ப்யூட்டர்லாம் தெரியாது. அதான் அவருகிட்ட சொல்லிட்டேன், எனக்குத் தெரியாதுங்க, கமலண்ணனுக்குத்தான் தெரியும், அவரப் போய்க் கேளுங்கன்னு."

"அந்த போர்டு எல்லா டெஸ்டும் பாஸ். விசாரணையிலயே சொன்னேனே."

"ஆமா. நீங்க சொன்னப்ப நானும் அங்கதான் உக்காந்திருந்தேன்."

அழுகையோ கோபமோ இல்லாத முகம். வேலையை முடித்துவிட்டவளின் முகம். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அவரு கார்டு இப்ப உங்ககிட்ட இருக்கு. அதனால தட்டுவாரு. திறந்து விட்டுடுங்க அண்ணே."

அவள் செருப்பொலி படிகளில் இறங்கி மழைக்குள் மறைந்தது. கமலநாதன் கதவைப் பூட்டினான்.

அந்த போர்டில் ஒரு கோளாறு இருந்தது உண்மை. சூடேறினால், கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே சற்று நேரம் சீரோ காட்டும். அவனுடைய மென்பொருள்தான் அதைக் கண்டுபிடித்தது. முதலாளி ரிஷி தோளில் கைபோட்டு, "திங்கட்கிழமை சரக்கு போகணும், அந்த டெஸ்ட்ட கொஞ்சம் லூசா வை லா," என்றான். கமலநாதன் ஒரே ஒரு வரியை மாற்றினான். சிவப்பு பச்சையானது. கிள்ளானில் கையுறைப் பெட்டிகளை எலக்ட்ரான் கற்றையால் கிருமிநீக்கம் செய்யும் ஆலைக்கு விஜயன்தான் போர்டைக் கொண்டுபோய்ப் பொருத்தினான். திரை சீரோ என்றது. கற்றை பாயும் அறையின் பூட்டு தானாகத் திறந்தது. தளர்ந்த கேபிளை இறுக்க உள்ளே போனான். கற்றை மேலே பட்டும் ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. வெளியே வந்து எல்லோருடனும் தே தாரிக் டீ குடித்தான், காரோட்டி வீட்டுக்கும் போனான். அன்றிரவுதான் கைகள் சிவந்தன. பிறகு தோல் உரிந்தது. பல வாரம் கழித்துச் செத்தான். விஜயன் திரையைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டான் என்று விசாரணையில் கமலநாதன் சொன்னான். நல்ல தெளிவான குரலில் சொன்னான்.

இருக்கைக்குத் திரும்பியபோது அந்த வாசனை வந்தது. பக்கத்தில் இடி விழுந்தபின் காற்றில் நிற்குமே, வெகுநேரம் ஓடிய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வருமே, மூக்கின் உள்ளே சுரண்டுகிற கூர்மையான வாசனை. கற்றை காற்றைச் சுட்டால் வருவது. கரிப்புகையையும் மழையையும் அது ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு அறை முழுக்க நின்றது.

வெளியே கதவுக் கருவி கீச்சிட்டது. தவறான கார்டு என்று மறுக்கும் சத்தம். மறுபடியும்.

"ஷஹானா? ஏதாச்சும் மறந்துட்டியா?"

ஒரு தட்டல். உள்ளங்கையால், மெத்தென்று, வலிக்காமல் தட்டுவதுபோல.

திரையில் புள்ளி நகர்ந்தது. இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. கமலநாதன் தலையைத் திருப்பினான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு இடது பக்கம்.

இன்னொரு தட்டல். புள்ளி இன்னும் கொஞ்சம். கீழே எண் ஏறியது.

போர்டின் மின்சாரத்தைத் துண்டித்தான். கேபிளைப் பிடுங்கினான். வெறும் லேப்டாப், அதன் பேட்டரி. புள்ளி இருந்தது. எண் ஏறிக்கொண்டே போனது. தட்டல் நின்றுவிட்டது. புள்ளி நிற்கவில்லை.

திரையின் நடுவுக்கு வந்தது.

கையில் மயிர்கள் எழுந்தன. நாக்கில் இரும்புச் சுவை. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் படிக்கிறார்கள். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"நான் இல்ல விஜயா," என்றான். "ரிஷிதான். ரிஷிதான் சொன்னான்."

எண் இறங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக.

சீரோ.

புள்ளி மறைந்தது. திரை பச்சையானது. வாசனைகூட இல்லை. மழைமட்டும். கமலநாதன் சிரித்துவிட்டான், அழுகைபோல ஒரு சிரிப்பு. கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பூட்டைத் திறந்து, வெளியே பாய்ந்தான்.

படிக்கட்டு இல்லை.

இரு பக்கமும் கான்கிரீட் சுவர். கரண்டு போயிருக்கும் என்று நினைத்து, சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். திருப்பம். மீண்டும் ஒரு திருப்பம். சுவர் சில்லென்று இருந்தது. மழைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பின்னால் கனமான எதுவோ உருண்டு வந்து மூடிக்கொண்டது. காலடியில் தரை அதிர்ந்தது.

முன்னால் வெளிச்சம். உயரமான அறை. அட்டைப்பெட்டிகள் வரிசையாக நிற்கும் உருளைப் பாதை. மேலே, கூரையிலிருந்து இறங்கும், கற்றையைப் பாய்ச்சும் எஃகுக் கொம்பு, அதன் வாயில் மெல்லிய உலோகத் தாள்.

கிள்ளான் ஆலைக்கு அவன் போனதே இல்லை. ஆனாலும் தெரிந்தது.

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. இயந்திரத்தைத் தொடங்குவதற்கு முன் எப்போதும் கேட்கும் கேள்வியை, அவன் நன்றாக அறிந்த குரல் ஒன்று, அலுப்பில்லாமல், மரியாதையாகக் கேட்டது.

"உள்ள யாரும் இல்லியே?"

"இருக்கேன்! விஜயா, நான் இருக்கேன்! நான் உள்ள இருக்கேன்டா!"

கான்கிரீட் அவன் குரலை அவனிடமே திருப்பிக் கொடுத்தது. மௌனம். யாரோ எதையோ குனிந்து பார்க்கும் அளவு மௌனம்.

"ஓகே லா," என்றது குரல். "சீரோதான் காட்டுது."

உருளைகள் சுழன்றன. பெட்டிகள் நகர்ந்தன. அவன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான். கொம்பின் வாய்க்குக் கீழே, அவன் விரல்களின் இடுக்கில், காற்று மெல்ல நீலமாக ஒளிரத் தொடங்கியது.

கொஞ்சமும் வலிக்கவில்லை.